எழுதியவர் பெயர் இல்லை, கடையின் கதவு எண் இருக்கிறது: 18ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தகக் கடைக்காரர்கள் பற்றி ஒரு சந்தேகம்

அல்சூர் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பி.காம். படித்தவள், ஆங்கில இலக்கியம் முறையாகப் படித்ததில்லை. அதனால் கேள்வி எளிமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஃபிரான்சஸ் பர்னியின் ‘எவலினா’ நாவல் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. உள்ளே, 1778இல் வந்த முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரமாக அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேலே நாவலின் பெயர். அதன் கீழே, ஓர் இளம்பெண் உலகத்துக்குள் நுழைவது பற்றிய கதை என்கிற மாதிரி ஒரு வரி. பிறகு ‘முதல் பாகம்’. அடியில், ‘லண்டன்: டி. லவுண்ட்ஸுக்காக அச்சிடப்பட்டது, எண் 77, ஃப்ளீட் தெரு’. கடைசியில் ரோமன் எண்களில் வருடம். அவ்வளவுதான். கடையின் கதவு எண் வரைக்கும் இருக்கிறது, எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை.

லவுண்ட்ஸ் ‘க்காக’ என்றால் என்ன அர்த்தம்? அவர் கடைக்காரரா, பதிப்பாளரா, அச்சகம் வைத்திருந்தவரா? பெயர் போடாதது யாருடைய விருப்பம்? எழுதிய பெண்ணுக்குப் பணம் போனதா, போனால் எந்தக் கணக்கில் போனது? எனக்கு முக்கியமான கேள்வி கடைசிக் கேள்விதான்.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கதை எழுதுவாள். அப்பா ஆலைக்கும் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் நோட்டை வைத்து எழுதுவாள். வாரப் பத்திரிகைகளில் எட்டு ஒன்பது கதைகள் வந்திருக்கின்றன. 1979இல் ஒரு நாவலை எழுதி முடித்தாள். சென்னையில் ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் போட்டது. நல்ல நகல் ஒன்று எழுதி, அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்தாள். அரக்கு உருக்கி முத்திரை வைத்தது நான். தபால் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். எனக்கு அப்போது 16 வயது. ஒரு மாதம் கழித்து 250 ரூபாய் மணியார்டர் வந்தது. அம்மா அந்தப் பணத்தில் எங்களுக்கு ஒன்றும் வாங்கவில்லை, தனக்கும் வாங்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் பல நாள் அப்படியே வைத்திருந்தாள்.

புத்தகம் வரவே இல்லை. மூன்று கடிதம் போட்டாள். முதல் கடிதத்துக்கு மட்டும் ‘அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறது’ என்று பதில் வந்தது. கைப்பிரதியும் திரும்பி வரவில்லை. ‘வேறு யாரிடமாவது கொடுக்கலாமே அம்மா’ என்று பிற்பாடு கேட்டால், ‘வித்தாச்சு, இனி அது அவங்க சொத்து’ என்பாள். 2011இல் இறக்கும் வரை அதே பதில்தான். விற்பது என்றால் என்ன, எதை விற்கிறோம் என்று இந்தத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு யோசனையே வந்தது.

காக்ஸ் டவுன் ஆசிரியை:

அக்கா, வணக்கம். நான் கல்லூரியில் இதைத்தான் பாடமாக நடத்துகிறேன். உங்கள் அம்மாவின் முறத்தை இனி வகுப்பில் நினைக்காமல் இருக்க முடியாது.

முதலில் லவுண்ட்ஸ். அந்தக் காலத்து ஆங்கிலேயர் புத்தகக் கடைக்காரர் என்று சொன்னால், இன்றைய பதிப்பாளரும் அதற்குள் அடக்கம். கைப்பிரதியை விலைக்கு வாங்குவார், காகிதம் வாங்கிக் கொடுப்பார், வெளி அச்சகத்தில் கொடுத்து அடிப்பார், தன் கடையிலும் விற்பார், மற்ற கடைகளுக்கும் அனுப்புவார். லவுண்ட்ஸ் கூடவே வாடகை நூலகமும் நடத்தினார். ‘லவுண்ட்ஸுக்காக’ என்றால் முதல் போட்டவர் அவர், லாப நஷ்டம் அவருடையது என்று அர்த்தம். அதே இடத்தில் ‘ஆசிரியருக்காக அச்சிடப்பட்டது’ என்று போட்ட புத்தகங்களும் உண்டு. அவற்றில் செலவு எழுதியவர் தலையில்.

பெயர் இல்லாதது பர்னியின் விருப்பம். அவருடைய அப்பா சார்ல்ஸ் பர்னி இசை வரலாறு எழுதியவர். அப்பாவின் கைப்பிரதிகளைப் படி எடுத்தது மகள்தான், அதனால் தன் கையெழுத்து அச்சகத்தில் யாருக்காவது அடையாளம் தெரிந்துவிடும் என்று பயம். எனவே முழு நாவலையும் வேறு கையெழுத்தில், ராத்திரியில் உட்கார்ந்து மறுபடி எழுதினார். முதலில் ஜேம்ஸ் டாட்ஸ்லி என்ற பெரிய கடைக்காரருக்கு விசாரித்து எழுதினார்கள். பெயர் தெரியாதவர் புத்தகத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகுதான் லவுண்ட்ஸ். தம்பிதான் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான், லவுண்ட்ஸின் கடிதங்கள் ஒரு காபிக் கடைக்கு, பொய்யான ஆண் பெயருக்கு வந்தன. புத்தகம் விற்றுக்கொண்டிருந்தபோது எழுதியது யார் என்று லவுண்ட்ஸுக்கே தெரியாது.

விலை 20 கினி. ஒரு கினி 21 ஷில்லிங், ஆக 21 பவுன். மூன்று பாகமும் சேர்ந்து பைண்டு செய்த பிரதி 9 ஷில்லிங். அவர் விற்றது முழு உரிமை. எத்தனை பதிப்பு வந்தாலும் மேற்கொண்டு அவருக்குப் பாத்தியதை இல்லை. நாவலோ பதிப்பு மேல் பதிப்பாகப் போனது. ஆனால் பர்னி கணக்கைக் கற்றுக்கொண்டவர். 1782இல் ‘சிசீலியா’வுக்கு 250 பவுன் வாங்கினார். 1796இல் ‘கமிலா’வுக்கு முன்பணம் கட்டுவோர் பட்டியல் திரட்டினார், ஆளுக்கு ஒரு கினி. நம் ஊரில் முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோமே, அதேதான். பணம் கட்டியவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தின் முன்னால் அச்சாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘மிஸ் ஜே. ஆஸ்டின், ஸ்டீவன்டன்’ என்று ஒரு வரி உண்டு. பின்னாளில் பெரிய நாவலாசிரியரான ஜேன் ஆஸ்டின், அப்போது இருபது வயதுப் பெண்! அவர் பெயர் அச்சில் வந்த முதல் இடங்களில் அது ஒன்று. நான் வகுப்பில் அந்த வரியை ஒவ்வொரு வருடமும் காட்டுகிறேன்.

உங்கள் அம்மாவின் கதைக்கு மிகவும் பக்கத்தில் வருவதும் ஆஸ்டின்தான் அக்கா. 1803இல் ‘சூசன்’ என்ற நாவலை கிராஸ்பி என்ற லண்டன் கடைக்காரருக்கு 10 பவுனுக்கு விற்றார். வரப்போகிறது என்று விளம்பரம்கூட வந்தது, புத்தகம் வரவில்லை. ஆறு வருடம் பொறுத்துவிட்டு 1809இல் ‘திருமதி ஆஷ்டன் டென்னிஸ்’ என்ற புனைபெயரில் கடிதம் போட்டார். பிரதி தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன், இல்லாவிட்டால் வேறு இடத்தில் கொடுப்பேன் என்று. அந்தப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் ஆங்கிலத்தில் ‘மேட்’ என்று வரும், கோபம் என்றும் படிக்கலாம். கிராஸ்பியின் பதில், குறிப்பிட்ட காலத்துக்குள் போடுவதாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு எவர் போட்டாலும் தடுப்போம், வேண்டுமானால் அதே 10 பவுனைக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்டினிடம் அப்போது அந்தப் பணம் எளிதில் கிடையாது. 1816இல்தான் அண்ணன் ஹென்றி மூலம் மீட்டார். 1817 டிசம்பரில் ‘நார்த்தாங்கர் அபே’ என்ற பெயரில் வெளிவந்தபோது ஆஸ்டின் உயிரோடு இல்லை. ஜூலையிலேயே போய்விட்டார்.

வித்தாச்சு என்று உங்கள் அம்மா சொன்னதில் என்ன இருந்தது என்று எனக்குப் புரிகிறது.

ஸ்ரீராமபுரம் அச்சகம்:

அக்கா, அப்பா காலத்தில் இங்கே ட்ரெடில் மெஷின், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு, வைத்து பில் புக், கல்யாணப் பத்திரிகை, எப்போதாவது கவிதைப் புத்தகம் அடித்தோம். இப்போது ஆஃப்செட். எனக்கு இலக்கியம் அவ்வளவு தெரியாது, தலைப்புப் பக்கம் படிக்கத் தெரியும்.

டீச்சர் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். அந்த நாளில் புத்தகச் செலவில் பெரிய பங்கு காகிதம். துணிக் கந்தலை ஊற வைத்து, கையால் ஒவ்வொரு தாளாக எடுத்த காகிதம். அதனால் முதல் போடுகிறவன் கொஞ்சமாகத்தான் அடிப்பான். மெஷின் என்று எதுவும் இல்லை, மரத்தில் செய்த கை அச்சு. ஒருவர் மை தடவ, ஒருவர் கைப்பிடியை இழுக்க, மணிக்கு 250 தாள், அதுவும் ஒரு பக்கம். கம்போஸ் பண்ணின, அதாவது கோர்த்து வைத்த, எழுத்தை வைத்திருக்கவும் முடியாது, ஒரு ஃபாரம் (ஒரு தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) அடித்ததும் பிரித்து எழுத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த ஃபாரத்துக்கு எழுத்து இருக்கும். இரண்டாம் பதிப்பு என்றால் முழுக்க மறுபடி கம்போசிங். இந்தக் கம்போசிங் வேலையெல்லாம் அப்பா கையால் செய்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தது. நான் கடைக்காரர் பக்கம் பேசவில்லை. ஆனால் முதல் பதிப்பு ஓடி முடிந்து, மறுபதிப்பு போட்டு லாபம் வரும்போது எழுதியவருக்கு ஒன்றுமே கிடையாது என்பது எந்த நியாயத்திலும் சேராது. அச்சுக்கூலியாவது எங்களுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் வரும்.

இன்னொன்று. தாமஸ் கிரே எழுதிய புகழ்பெற்ற இரங்கற்பா 1751இல் வந்ததே, அதன் தலைப்புப் பக்கத்தில் ‘ஆர். டாட்ஸ்லிக்காக அச்சிடப்பட்டது, விற்பவர் எம். கூப்பர், பேட்டர்நாஸ்டர் ரோ, விலை ஆறு பென்ஸ்’ என்று இருக்கும். அந்த எம். கூப்பர் ஒரு பெண். மேரி கூப்பர். கணவர் இறந்த பிறகு கடையைத் தானே எடுத்து 1761 வரை நடத்தினார். முன்னெழுத்து மட்டும் போட்டதால் படிக்கிறவனுக்கு ஆண் பெயராகத்தான் தோன்றும். எங்கள் அச்சகத்தின் லெட்டர்பேடிலும் அம்மா பெயர் முன்னெழுத்தோடுதான் இருந்தது, அப்பா போன பிறகு எட்டு வருடம் அம்மாதான் நடத்தினாள். அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

அல்சூர் வாசகி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றித் தனியாக எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

டீச்சர், பர்னியும் ஆஸ்டினும் புத்தகம் விற்ற சமயத்தில் கல்யாணம் ஆகாதவர்கள் என்று நினைக்கிறேன். கல்யாணமான பெண்ணாக இருந்தால்? எங்கள் வீட்டு மணியார்டரை அப்பா தொடவில்லை. தொட்டிருந்தால் கேட்க முடியாது என்று அம்மா நினைத்திருப்பாள், அதனால்தான் கேட்கிறேன்.

காக்ஸ் டவுன் ஆசிரியை:

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ‘எவலினா’, ‘சிசீலியா’ விற்றபோது பர்னிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ‘கமிலா’ காலத்தில் ஆகியிருந்தது, ஆனால் கணவர் நல்லவர், வந்த பணத்தில் சேர்ந்து வீடு கட்டினார்கள், அதற்கு நாவலின் பெயரையே வைத்தார்கள். நல்ல கணவர் வாய்த்தால் சரி. வாய்க்காவிட்டால் சட்டம் துணைக்கு வராது. மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது, அவள் பெயரில் ஒப்பந்தம் செல்லாது. 1870இலும் 1882இலும் வந்த சட்டங்கள்தான் இங்கிலாந்தில் அதை மாற்றின.

சார்லட் ஸ்மித்தைப் பாருங்கள். கணவன் பெஞ்சமின் கடனுக்காக ‘கிங்ஸ் பெஞ்ச்’ சிறையில். இவரும் அங்கே போய் அவனோடு தங்கினார். 1784இல், வீட்டுக்குப் பணம் வேண்டும் என்று சொந்தச் செலவில் சானெட் என்ற 14 வரிக் கவிதைகளை வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் பெயர் மறைக்கவில்லை. ‘சசெக்ஸ், பிக்னர் பார்க், சார்லட் ஸ்மித்’ என்று போட்டார். பிக்னர் பார்க் அவர் பிறந்த வீட்டு எஸ்டேட். சிறை வாசலில் இருந்துகொண்டு அப்பா வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறார்! அந்த ஒரு வரியை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடிவதில்லை. கவிதை நன்றாக விற்றது. பிறகு கணவனைப் பிரிந்து, பிள்ளைகளை வளர்க்க நாவல் மேல் நாவலாக எழுதினார். பிரிந்த பிறகும் அவன் வந்து அவருடைய பணத்துக்கு உரிமை கேட்டான், சட்டம் அவன் பக்கம் இருந்தது.

பிரிஸ்டலில் பால் விற்ற ஆன் இயர்ஸ்லி கதை வேறு மாதிரி. 1785இல் ஹன்னா மோர் என்ற எழுத்தாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் முன்பணம் திரட்டி இவருடைய கவிதைகளைப் போட்டுக் கொடுத்தார். வந்த பணத்தைக் கணவன் கைக்குப் போகாமல் ஒரு அறக்கட்டளையில் வைத்து, அதைத் தானும் இன்னொரு பணக்காரப் பெண்மணியும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் இயர்ஸ்லி தன் பணத்தைத் தன் கையில் கேட்டார். பெரிய சண்டை. கடைசியில் பணம் கிடைத்தது, பின்னாளில் வாடகை நூலகம் ஒன்று தொடங்கினார். இதில் நான் இயர்ஸ்லி பக்கம்.

எல்லாக் கடைக்காரர்களும் கிராஸ்பி மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோசப் ஜான்சன் என்று ஒருவர், செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் கடை. வேலை போய் நின்ற மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்குத் தங்க வீடு பார்த்துக் கொடுத்து, மொழிபெயர்ப்பும் மதிப்புரையும் எழுத வைத்து மாதாமாதம் பிழைக்க வழி செய்தவர். 1792இல் பெண்ணுரிமை பற்றிய அவருடைய நூலைப் போட்டதும் ஜான்சன்தான். ஆன் ராட்கிளிஃபுக்கு ‘உடால்ஃபோ’ நாவலுக்காக 1794இல் ராபின்சன் கடை கொடுத்தது 500 பவுன். பெண்கள் எழுதியது விற்கும் என்று கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மல்லேஸ்வரம் ரசிகன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். லண்டன் வரை போய்விட்டோம், நம் ஊர்க்காரர் ஒருவரை விட்டுவிட்டோம். அதே 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில் முத்துப்பழனி என்ற தேவதாசி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ எழுதினார். பெயரை மறைக்கவில்லை. பாட்டி யார், தான் எந்த வம்சம் என்று பெருமையாகப் பாடி வைத்தார். 1887இல் அச்சில் வந்தபோது அந்த அறிமுகத்தையும் சில பாடல்களையும் எடுத்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்து, சுவடியைத் தேடி எடுத்து, முழுசாகப் பதிப்பித்தவர் நம் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1910இல் சென்னை வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு கடை போட்டது. அடுத்த வருடமே ஆபாசம் என்று தடை. 1947இல்தான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக் கோயிலைக் கட்டியவர் என்று அவரைத் தெரிந்த நமக்கு, பதிப்பாசிரியராகவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வக்கீல் தம்பி, சிவாஜிநகர்:

மேடம், உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்று சொல்லலாமா? 1710இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்துச் சட்டம்தான் உரிமையை எழுதியவர் பெயரில் வைத்தது. 14 வருடம், எழுதியவர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 வருடம். அதை அவர் கடைக்காரருக்கு விற்கலாம். நம்முடைய 1957 காப்புரிமைச் சட்டத்திலும் விற்கலாம். ஆனால் 19ஆம் பிரிவின்படி உரிமை மாறியது என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், அதில் உரிமையாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். வாய்ச் சொல் போதாது, பணம் வந்தது மட்டும் போதாது.

வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று 1994 திருத்தத்தில் இருக்கிறது. அது அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது, அதை நம்ப வேண்டாம். அதனால் கேள்வி ஒன்றுதான். அம்மா ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரா? போடவில்லை என்றால் காப்புரிமை அவரிடமே இருந்தது, இப்போது வாரிசுகளிடம் இருக்கிறது. எழுதியவர் உயிரோடிருந்தபோது வெளிவராத நூல் என்பதால், அது முதலில் வெளியாகும் வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் வரை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு, கலந்து பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் காகிதங்களை முதலில் பாருங்கள்.

அல்சூர் வாசகி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். தம்பி சொன்னபடி அம்மாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். பதிப்பகத்தின் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. முதல் கடிதத்தில் ‘நாவலை ஏற்கிறோம், கைப்பிரதி அனுப்பவும்’ என்று மட்டும். உரிமை பற்றி ஒரு சொல் இல்லை. ஒப்பந்தம் எதுவும் வந்ததாக நினைவும் இல்லை, பெட்டியிலும் இல்லை.

அதன் அடியில் மணியார்டர் கூப்பன். அனுப்பியவர் எழுதும் சின்ன இடத்தில் ஊதா மையில் ‘தங்கள் நாவலுக்கான சன்மானம் ரூ. 250’. அம்மாவின் கையெழுத்து தபால்காரர் எடுத்துப்போன பாரத்தில்தான் போயிருக்கும், பணம் பெற்றதற்காக. இதைத்தான் அவள் விற்பனைப் பத்திரம் மாதிரி 32 வருடம் பத்திரமாக வைத்திருந்தாள். கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நல்ல நகல்தான் சென்னைக்குப் போனது. அடித்துத் திருத்தி எழுதிய முதல் படி நோட்டுகளாக இருக்கிறது. இருநூறு பக்க நோட்டு, அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எண் போட்டிருக்கிறாள். நான்காவது நோட்டைக் காணவில்லை. ஓசூரில் அண்ணன் வீட்டுப் பரணில் அம்மாவின் இன்னொரு பெட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அதுவரை முதல் நோட்டைத் தட்டச்சு செய்கிறேன். நேற்று ஒன்பது பக்கம் முடிந்தது.

ஸ்ரீராமபுரம் தம்பி, டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் 300 பிரதி அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். காகிதம் நான் வாங்கித் தருகிறேன். தலைப்புப் பக்கத்தில் அம்மாவின் முழுப் பெயர் வேண்டும்.